பிழைத்த பதிவை அழிக்காதவர்

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்காள விரிகுடாவின் தென்மேற்கில் உருவான ஆழ்ந்த தாழமுக்கம் ஒன்று, இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியபடி வடக்கே நகர்ந்தது. அது 27ஆம் திகதியளவில் புயலாகும் என்று முன்னறிவிப்புகள் சொன்னன. ஆகவில்லை. அடுத்தடுத்த நாட்களில், புயலாகாமலே தமிழ்நாட்டுக் கரையைக் கடந்துவிடலாம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் கணிப்பைத் திருத்தியது. அந்தத் திருத்தமும் நிலைக்கவில்லை. 29ஆம் திகதி பிற்பகல் அது புயலாகியே விட்டது. 30ஆம் திகதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று, ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்ரிமீற்றர் மழையைக் கொட்டியது. அதுதான் ஃபெங்கல்.

வட இந்தியப் பெருங்கடலில் எழும் புயலுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு புதுடில்லியில் உள்ள பிராந்திய மையத்துக்கு உரியது. காற்றின் வேகம் 34 நொட்டை, அதாவது மணிக்கு 62 கிலோமீற்றர் அளவை, எட்டிய பின்னரே பெயர் சூட்டப்படும். ஆனால் ‘ஃபெங்கல் புயல்’ என்ற பெயர் 29ஆம் திகதிக்கு முன்பே கைப்பேசிகளில் உலாவத் தொடங்கிவிட்டது. பட்டியலில் அடுத்து எந்தப் பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பது எளிது.

இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் வள்ளம் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும்? உத்தியோகபூர்வ அறிவிப்பே மாறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் முகநூலிலும் யூடியூபிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் அடித்துச் சொல்பவர்களுக்குக் குறைவில்லை. இவர்களில் எந்தக் கணக்கைப் பின்தொடர்வது? மாறி மாறிச் சொன்ன திணைக்களங்களையா, மாறாமல் சொன்ன தனியாட்களையா?

கேள்வியை இப்படிக் கேட்டால் விடை தவறாகத்தான் வரும். இங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். ஒன்று, இந்தக் கணக்கு தான் யாரென்று சொல்கிறதோ அவரேதானா? மற்றது, அவரேதான் என்றாலும் அவர் சொல்லுக்கு என்ன பெறுமதி? முதலாவது அடையாளம் பற்றியது. இரண்டாவது திறமை பற்றியது. சமூக ஊடக நிறுவனங்கள் முதலாவதற்கு ஏதோ ஒரு அடையாளக் குறியைத் தருகின்றன. இரண்டாவதை நாங்களேதான் அளக்க வேண்டும். அளப்பதற்கான அறிவியல் 140 ஆண்டுகளாக இருக்கிறது.

அடையாளத்தை முதலில் பார்ப்போம். டுவிட்டர் 2009இல் நீலக் குறியைக் கொண்டுவந்தபோது, பிரபலமானவர்களின் பெயரில் வேறு யாரும் எழுதிவிடக் கூடாது என்பதே நோக்கம். 2022 நவம்பரில் அதே குறி மாதச் சந்தாவுக்கு விற்கப்பட்டது. விற்பனை தொடங்கி இரண்டொரு நாளில், ஈலை லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில் நீலக் குறியோடு ஒரு போலிக் கணக்கு முளைத்து, இனி இன்சுலின் இலவசம் என்று அறிவித்தது. நிறுவனம் அவசரமாக மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. 2023இல் முகநூலின் தாய் நிறுவனமான மெற்றாவும் சந்தாக் குறியைத் தொடங்கியது. இன்று நீலக் குறி சொல்வது, இவர் பணம் கட்டுகிறார் என்பதையும், சில தளங்களில் அடையாள அட்டை ஒன்றைக் காட்டியிருக்கிறார் என்பதையும்தான். காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதை அது சொல்லாது.

அடையாளத்தைச் சரிபார்க்க நல்ல வழி, அந்தக் கணக்கை உற்றுப் பார்ப்பது அல்ல, அதைவிட்டு வெளியே போவது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பேர்க், சாரா மக்ரூ இருவரும் 10 வரலாற்றறிஞர்கள், 10 தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று கேட்டனர். வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் தளத்தின் முகப்பு, சின்னம், எழுத்துநடை என்று உள்ளேயே நின்று ஆராய்ந்து பலமுறை ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்கள் அந்தத் தளத்தில் அதிக நேரம் செலவிடவே இல்லை. புதிய பக்கங்களைத் திறந்து, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். குறைவாகப் படித்து, விரைவாக, சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே.

எங்கள் கரைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் செய்ய வேண்டியது சுலபம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் முகநூல் பக்கத்தைத் தேடல் பெட்டியில் பெயர் தட்டித் தேடாமல், திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாக உள்ளே நுழைய வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் அப்படியே. சந்தேகம் வந்தால் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். வேறொரு பக்கம் என்றால், முகநூலின் ‘பக்க வெளிப்படைத்தன்மை’ பகுதியைத் திறந்தால் அது எப்போது தொடங்கப்பட்டது, இதற்கு முன் என்ன பெயர்களில் இருந்தது என்பது தெரியும். நேற்றுவரை சினிமாச் செய்திப் பக்கமாக இருந்து, ஐப்பசி பிறந்ததும் புயல் பக்கமாகப் பெயர் மாறிய ஒன்றை அங்கே பிடித்துவிடலாம்.

ஆனால் போலி இல்லாத கணக்குகள் எல்லாம் பின்தொடரத் தக்கவை ஆகிவிடா. உத்தியோகம் இல்லாதவர் எல்லாம் தள்ளத் தக்கவரும் அல்லர். ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் வானிலை ஆய்வுத் துறை அதிகாரி அல்லர். வேறு வேலையில் இருந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் மழைத் தரவுகளைத் திரட்டி எழுதியே இலட்சக்கணக்கானோரின் நம்பிக்கையைப் பெற்றார். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதும் வானிலைக் குறிப்புகளை வடக்கிலும் கிழக்கிலும் விவசாயிகளும் கடற்றொழிலாளர்களும் எதிர்பார்த்திருக்கிறார்கள். அரச அறிவிப்பு தமிழில் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை என்ற முறைப்பாடு பழையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்து 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும் அந்த முறைப்பாடு எழுந்தது. அந்த இடைவெளியை நிரப்பும் தனிமனிதர்கள் தேவை. அவர்களை எப்படி எடைபோடுவது என்பதே கேள்வி.

‘அவர் சொன்னது எத்தனை முறை பலித்தது?’ என்று கேட்பதுதான் நியாயம் போலத் தோன்றும். அந்தக் கேள்வியில் ஒரு பொறி இருக்கிறது. 1884இல் அமெரிக்க இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவில் சார்ஜன்ட் ஜோன் ஃபின்லி, சுழற்காற்று எங்கே எழும், எங்கே எழாது என்று முன்னறிவிக்கத் தொடங்கினார். 2,803 முன்னறிவிப்புகள். அவற்றில் 96.6 சதவீதம் சரி என்ற கணக்கு வெளியானது. அந்தக் காலத்தில் அது அற்புதம். அதே ஆண்டில் குரோவ் கார்ல் கில்பேர்ட் என்ற புவிச்சரிதவியலாளர் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்த 2,803இல் சுழற்காற்று உண்மையில் எழுந்தது 51 முறைதான். எதையும் பார்க்காமல், நாள் தவறாமல் ‘இன்று சுழற்காற்று இல்லை’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். வாய் மூடாமல் இல்லை இல்லை என்பவர் ஃபின்லியை வென்றுவிடுவார்.

ஆனால் ஃபின்லி ஒன்றும் மோசடிக்காரர் அல்லர். எழும் என்று அவர் சொன்ன 100 முறையில் 28 முறை உண்மையிலேயே எழுந்தது. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் இரண்டு முறை பலித்திருந்தாலே அதிகம். ஆகவே அவரிடம் திறமை இருந்தது. அதை அளந்த கோல்தான் பிழை. அன்று தொடங்கிய விவாதத்திலிருந்தே முன்னறிவிப்புச் சரிபார்ப்பு என்ற துறை வளர்ந்தது. அதன் முதல் பாடம்: ஒருவர் எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்று கேட்காதே, ஒன்றுமே தெரியாத ஒருவர் சொல்லக்கூடியதைவிட அவர் எவ்வளவு கூடுதலாகச் சொன்னார் என்று கேள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. கார்த்திகையில் ‘வடமராட்சியில் மழைக்கு வாய்ப்பு’ என்று தினமும் எழுதுபவர் பெரும்பாலும் தோற்கமாட்டார். ஆடியில் ‘மழை இல்லை’ என்று எழுதுபவரும் அப்படியே. இதற்கு ஒரு கணக்குத் தேவையில்லை, நாட்காட்டி போதும். எந்த நாளில் மழை விட்டு வெளிக்கும், எந்த இரவில் வாடைக்காற்று பலக்கும், எப்போது கடல் தணியும் என்று வழமைக்கு மாறானதைச் சொல்லி, அதில் பாதியாவது பலித்தால், அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது.

அடுத்தது உறுதி. அடித்துச் சொல்பவரிடம் மனம் சாய்வது இயல்பு. வானிலையில் அது தவறான சாய்வு. 1960களில் எட்வேர்ட் லோரன்ஸ் காட்டியபடி, வளிமண்டலத்தின் இன்றைய நிலையை அளப்பதில் வரும் மிகச் சிறிய பிழையும் நாளாக நாளாகப் பெருத்து முன்னறிவிப்பை விழுங்கிவிடும். அதனால்தான் ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்னறிவிப்பு மையம் ஒரே ஒரு கணிப்போடு நிற்பதில்லை. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி, ஒவ்வொரு முறையும் 51 கணிப்புகளை ஓட்டுகிறது. 51 பாதைகளும் ஒன்றையொன்று ஒட்டிப் போனால் நம்பிக்கை கூடும். ஒன்று திருகோணமலைக்கும் இன்னொன்று நாகப்பட்டினத்துக்கும் மற்றொன்று நடுக்கடலுக்கும் போனால், நிச்சயமில்லை என்பதே அன்றைய உண்மையான முன்னறிவிப்பு.

எங்கள் பகுதியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. வல்வெட்டித்துறையிலிருந்து, நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் உள்ள கோடியக்கரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீற்றர். புயல் ஒன்றின் மையம் நாளை எங்கே இருக்கும் என்று 24 மணி நேரம் முன்பு சொல்லும் கணிப்பே, இந்தக் கடலில் சராசரியாக 70, 80 கிலோமீற்றர் விலகுகிறது. மூன்று நாள் முன்பு என்றால் விலகல் அதன் இரு மடங்குக்குப் போய்விடும். அதாவது, நல்ல கணிப்பின் சாதாரணப் பிழையே நீரிணையின் அகலம். ஆகவே பத்து நாளுக்கு முன்பு, ‘இத்தனையாம் திகதி பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையில் கரையைக் கடக்கும்’ என்று நிறம்நிறமான வரைபடத்தோடு ஒரு பதிவு வந்தால், அது பொய் என்று நிரூபிக்கப் பத்து நாள் காத்திருக்கத் தேவையில்லை. அப்படிச் சொல்லவே முடியாது என்பது தெரிந்த ஒருவர் அப்படி எழுதமாட்டார்.

தயக்கத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் ஒரு முறையை 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலையாளர் வகுத்தார். முன்னறிவித்த வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதை வர்க்கமாக்கி, சராசரி பார்ப்பது. மதிப்பெண் குறைந்தால் நல்லது. பத்து நாளில் ஏழு நாள் மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளும் ‘நிச்சயம் மழை’ என்றவருக்கு மூன்று முழுப் பிழைகள், மதிப்பெண் 0.30. பத்து நாளும் ‘70 சதவீத வாய்ப்பு’ என்றவருக்கு 0.21. இரண்டாமவரே சிறந்தவர். ஆனால் பகிர்வும் விருப்பக்குறியும் முதலாமவருக்கே போகும். சமூக ஊடகத்தின் கோலும் அறிவியலின் கோலும் எதிரெதிர்த் திசையில் அளக்கின்றன.

இப்போது ஃபெங்கலுக்குத் திரும்பினால் காட்சி மாறும். 27ஆம் திகதியும் 28ஆம் திகதியும் 29ஆம் திகதியும் மாறி மாறிச் சொன்ன வானிலை ஆய்வுத் துறை தடுமாறியது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தையும் நேரம் குறித்து, எண் இட்ட அறிக்கையாக வெளியிட்டது. பழைய அறிக்கை அழியவில்லை. புதுடில்லி மையம் புயல்களுக்குப் பின் அறிக்கை வெளியிட்டு, தன் பாதைக் கணிப்பு எத்தனை கிலோமீற்றர் பிழைத்தது என்பதையும் அதில் எழுதுகிறது. மேலே சொன்ன 70, 80 கிலோமீற்றர் என்ற அளவு எங்களுக்குத் தெரிவதே அவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே அளந்து அச்சிட்டதால்தான்.

இங்கேதான் போலித் திறமை எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 32 பேர் நாணயம் சுண்டிப் போட்டது போல ‘புயல் வரும்’, ‘வராது’ என்று ஐந்து முறை சொன்னால், 32இல் ஒருவர் ஐந்து முறையும் சரியாகச் சொல்லியிருப்பார் என்று எதிர்பார்க்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. மற்ற 31 பேரும் மறைந்துவிடுவார்கள். அவர் மட்டும் ‘நான் அன்றே சொன்னேன்’ என்று பதிவிடுவார். இதையே ஒரே ஆள் தனியாகச் செய்வது இன்னும் சுலபம். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை அதற்கு எதிர்மாறாக இன்னொன்று எழுதிவிட்டு, பிழைத்ததை அழித்துவிட்டால் போதும். எஞ்சியிருப்பது முழுக்கச் சரியான ஒரு சுவர்.

வல்வெட்டித்துறையின் பழைய பாய்க்கப்பல் காலத்தில் இது நடக்க வழியில்லை. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ‘ஃபுளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்ற புதிய பெயரோடு 1938இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இரங்கூனுக்கும் இந்தியத் துறைகளுக்கும் கப்பலோட்டிய ஊர் அது. காற்றைக் கணித்துப் பாய் விரித்த தண்டையலின் தீர்ப்பு சரியா பிழையா என்பதற்குக் கப்பலும் சரக்கும் சாட்சி. எந்தப் பயணத்தையும் அவர் அழித்துவிட முடியாது. கைப்பேசி முன்னறிவிப்பை உலகெங்கும் கொண்டுபோகிறது. முன்னறிவித்தவரின் தோல்விகளை மட்டும் கரையிலேயே விட்டுவிடுகிறது.

ஆகவே ஒரு கணக்கைப் பின்தொடர முன் அதன் பழைய பதிவுகளுக்குப் போங்கள். சென்ற கார்த்திகையில் என்ன எழுதினார்? பிழைத்தவை அங்கே இருக்கின்றனவா? திருத்திய பதிவு என்றால் முகநூலில் திருத்த வரலாற்றைத் திறந்து, புயலுக்கு முன் எழுதியதா பின் எழுதியதா என்று பார்க்கலாம். இரண்டு ஆண்டுப் பதிவில் ஒரு தோல்விகூடக் கண்ணில் படவில்லை என்றால் அது மேதைமைக்கு அடையாளம் அல்ல. அந்தச் சுவர் கழுவப்பட்டிருக்கிறது.

பத்துப் பேர் ஒன்றையே சொல்கிறார்கள், அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் ஏமாற்றும். பத்துப் பேரும் விண்டி செயலியைத் திறந்து, ஒரே ஐரோப்பிய மையத்தின் ஒரே ஓட்டத்தைப் படம்பிடித்துப் போட்டிருந்தால் அங்கே இருப்பது பத்துச் சாட்சிகள் அல்ல, ஒன்றேதான். தான் எந்தக் கணினி மாதிரியைப் பார்த்தார், அது எந்த நேரத்து ஓட்டம், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி அதோடு ஒத்துப்போகிறதா என்று எழுதுபவர் அரிது. அப்படி ஒருவரைக் கண்டால் விடாதீர்கள்.

முன்னறிவிக்கவே முடியாததை முன்னறிவிப்பவரைத் தள்ளுவதற்கு இவ்வளவு பரிசோதனையும் வேண்டாம். நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்லும் முறை இன்றுவரை எவரிடமும் இல்லை. 2004 டிசம்பர் 26இன் நினைவு அழியாத கரையில், ‘இந்த வாரம் சுனாமி’ என்று எழுதுபவர் அச்சத்தை விற்கிறார். நிலநடுக்கம் நடந்த பின் வரும் சுனாமி எச்சரிக்கை வேறு. சுமாத்திராவில் நடுங்கினால் அலை இங்கே வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரம்தான் உயிர். 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் அங்கே நடுங்கியபோது இலங்கைக் கரையெங்கும் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பெரிய அலை வரவில்லை. கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியதால் நீர் அதிகம் தூக்கப்படவில்லை. எச்சரித்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் தொழிலை இழப்பதற்கும் உயிரை இழப்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்கள், சில வீண் எச்சரிக்கைகளைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வீண் எச்சரிக்கைக்குப் பிறகு ஏன் வீணாயிற்று என்று விளக்குபவரையே அடுத்த முறையும் நம்பலாம்.

கடலுக்குப் போவதா இல்லையா என்ற முடிவு திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவிப்பின் மீதே நிற்க வேண்டும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே திருகோணமலை நோக்கிய பரப்பு எங்களுடையது. அந்த அறிவிப்பு ஏன் அப்படி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள நல்ல கணக்குகள் இரண்டு மூன்று போதும். எவை நல்லவை என்று தெரிய ஒரு மாரிகாலம் குறித்துப் பாருங்கள். அவர் சொன்னது, சொன்ன திகதி, நடந்தது என்று மூன்று நிரல்கள். தை பிறக்கும்போது பட்டியல் தானே பேசும்.

மிச்சம் இருப்பது எங்கள் சொந்தக் கணக்கு. 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளைத் தொடர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டனர். 1,500 பேரைச் சென்றடையப் பொய்யைவிட உண்மைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் எடுத்தது. தானியங்கிக் கணக்குகள் இரண்டையும் ஒரே அளவில்தான் பரப்பின. பொய்யை முந்தவிட்டவர்கள் மனிதர்கள். பொய் புதுமையாக இருந்தது, அவ்வளவுதான். ஊர் வட்ஸ்அப் குழுவில் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பதறிப் பகிர்பவரும், அதை அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளும் நாங்களும் யாரோ ஒருவர் பின்தொடரும் கணக்குகளே. நேற்றுப் பகிர்ந்த புயல் வரவில்லை என்றால் அந்தப் பதிவைச் சத்தமில்லாமல் அழிக்காமல், அதே குழுவில், அதன் கீழேயே, ‘இது பிழைத்தது’ என்று எழுதிவிட வேண்டும். மற்றவர்களிடம் தேடச் சொல்லும் தகுதி அதுவாக இருக்கும்போது, எங்களிடமும் அது இருக்கத்தான் வேண்டும்.